லேஸ் டீச்சரும் நீலத்தாள் பொட்டலமும்

கட்டைகளின் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. விரல் நீளத்துக்குக் கடைந்த சின்ன மரக்கட்டைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை நூல் சுற்றியிருக்கும். ஒரு பெண்ணின் முன்னால் முப்பது, நாற்பது என்று தொங்கும் அவற்றைப் பதினான்கு பெண்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போடும்போது, சொளகில் புளியங்கொட்டையைப் போட்டு யாரோ ஓயாமல் புடைத்துக்கொண்டிருப்பதுபோல் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஒரு கட்டை தடுமாறினாலும் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடுகிற ஒருவர் அந்தக் கூடத்தில் இருந்தார். நாங்கள் அவரை 'லேஸ் டீச்சர்' என்போம். பெயர் ஞானம்மாள். அவர் இல்லாதபோது 'கத்திரிக்கோல்' என்போம்.

எங்கள் ஊர் திருவாடானைக்குத் தெற்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல்லும் மிளகாயும் போடுகிற ஊர். பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் பாடம் மட்டும் தேறவில்லை. மறுபடி எழுத வேண்டும், அதுவரை வீட்டில் சும்மா இருந்தால் யாராவது வந்து பெண் கேட்பார்கள், கேட்டால் அய்யா சரி என்று சொல்லிவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். கடற்கரையில், காரங்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் ஊரில், கன்னியாஸ்திரிகள் மடம் ஒன்று பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கிறது என்று அம்மாவுக்குச் சொன்னது சூசையம்மா. காலைப் பேருந்தில் மீன்சட்டியோடு எங்கள் தெருவுக்கு வருகிற பெண் அவர். அவர் மகள் சகாயம் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். "எம் மக கைய வந்து பாருங்க தாயி, சிலந்தி தோத்துப்போகும்" என்று அவர் சொன்னதைக் கேட்டு, அம்மா மறுவாரமே என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது.

லேஸ் போடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்ல வேண்டும். வைக்கோலை இறுகத் திணித்துத் துணி போர்த்திய உருளைத் 'திண்டு' ஒன்று மடியில் இருக்கும். அதன்மேல் கோலப்புள்ளிபோல் ஓட்டைகள் குத்திய 'அட்டை'. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குண்டூசியைக் குத்தி, அதைச் சுற்றி நூல்களை முறுக்கி, தாண்டி, மறுபடி முறுக்கி, அடுத்த ஓட்டைக்குப் போக வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தால் இரண்டு விரற்கடை வளரும். ஊசியை ஓட்டை மாற்றிக் குத்திவிட்டால் அப்போது தெரியாது. நான்கு விரற்கடை தள்ளிப் போன பிறகு பூவின் இதழ் கோணும். அந்த இதழைத்தான் டீச்சர் பார்ப்பார். இடுப்பில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் கத்திரிக்கோல் மேலே வரும். "அறுத்துக் களை" என்பார். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். அந்த ஊர்ப்பேச்சில் களை என்றால் தூக்கி எறி என்று அர்த்தம். எங்கள் பேச்சில் அந்தச் சொல் வயலில்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அவர் கன்னியாஸ்திரி இல்லை. கல்யாணம் ஆகாதவர், மடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். வெள்ளைப் புடவை, ஊதாக் கரை. ஒல்லியான உடம்பு, முதுகு மட்டும் சுவரில் சாத்திய பலகைபோல நிமிர்ந்து நிற்கும். காலையில் வாசலில் நின்று ஒவ்வொருத்தியின் கையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நகத்தில் அழுக்கு இருந்தால் திரும்பிக் குழாயடிக்குப் போக வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். கடற்கரைப் பெண்கள் எலுமிச்சை இலையைக் கசக்கிக் கையில் தேய்த்துக்கொண்டுதான் வருவார்கள். எங்கள் கடலில் பிடிக்கிற மீனை அவர் சாப்பிட மாட்டார், சேற்று வாடை அடிக்கிறதாம். கடற்கரை கூப்பிடு தூரம்தான். ஆனால் அவர் ஒருமுறைகூட அங்கே போய் நாங்கள் பார்த்ததில்லை.

சேர்ந்த இரண்டாம் மாதம் நான் அவரிடம் ஒருமுறை எதிர்த்துப் பேசினேன். ஆறு நாள் வேலையில் ஒரு பிசகைக் கண்டுபிடித்துக் கத்திரியை எடுத்தார். "நீங்க காட்டிக்குடுத்த மாதிரிதான் டீச்சர் வச்சேன்" என்றேன். கூடத்தில் கட்டைச் சத்தம் நின்றுவிட்டது. அவர் என் அட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கத்திரியின் பிடியை என் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

"எண்ணிப் பாரு பிள்ளே. எண்ணிப் பாத்துட்டு நீயே அறு."

எண்ணினேன். தவறு என்னுடையதுதான். ஒன்பதாவது ஓட்டையைத் தாண்டிப் பத்தாவதில் குத்தியிருந்தேன். ஆறு நாள் வேலையை என் கையாலேயே அறுத்தேன். அவமானத்தைவிட எனக்குள் ஆழமாக இறங்கியது வேறொன்று: இந்த மனுஷி தவறவே மாட்டார். நம் கண் சொல்வதும் இவர் சொல்வதும் வேறு வேறாக இருந்தால், பிசகு நம் கண்ணில்தான். இதை நான் அன்று ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டேன்.

சகாயத்தின் வேலையில் மட்டும் கத்திரி விழுந்ததே இல்லை. என்னைவிட ஒரு வயது மூத்தவள். கறுத்த, கனத்த விரல்கள். கிழிந்த வலையைப் பொத்துகிற வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, நூல் எந்த அளவு இறுக வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. பெரிய பேச்சுக்காரி. டீச்சர் இருக்கும்போது பேச முடியாததால் பேச்சையெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குச் சேர்த்துவைத்திருப்பாள். டீச்சர் அவளைப் புகழ்ந்தது கிடையாது. அவள் திண்டின் பக்கம் வரும்போது ஒரு கணம் நின்று, ஒன்றும் சொல்லாமல் அடுத்தவளிடம் போய்விடுவார். அந்த ஒரு கணத்துக்காக நான் ஏங்கினேன். அதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவளுக்கு அடுத்த இடம் என்னுடையது என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த இடம் என்பது கொஞ்சம் வலிக்கிற இடம்தான்.

கோயில் திருவிழாவுக்கு, சாமியார் பூசை வைக்கும் பீடத்தில் விரிக்கிற பீடத்துணி ஒன்று புதிதாகச் செய்வதென்று மடத்தில் முடிவானது. துணியின் முன்பக்கத்துக்கு நான்கு விரல் அகலத்தில் லேஸ், பக்கங்களுக்கு வைக்க இன்னொரு துண்டு. வேலையை டீச்சர் சகாயத்துக்குக் கொடுத்தார். திராட்சைக் கொடியும் இலையுமாகச் சிக்கலான அட்டை. முன்பக்கத்துத் துண்டை அவள் ஏறக்குறைய நான்கு மாதம் போட்டாள். முடிந்த அன்று டீச்சர் அதை மேசையில் விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு வெள்ளை மஞ்சளிக்காமல் இருக்க நீலத்தாளில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சகாயம் பக்கத் துண்டை ஆரம்பித்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை அரிது, வந்தால் ஒரேயடியாக வந்துவிடும். டீச்சர் பெண்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார். என் பேருந்து வருவதற்கு நேரம் இருந்ததால் நான் மட்டும் கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுக்கூரை ஒழுகியது. அலமாரியின் மேலேயே சொட்டுச் சொட்டாக விழுந்தது. டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு திண்டுகளையெல்லாம் தானே நகர்த்தினார்; நான் உதவிக்கு எழுந்தபோது "அங்கேயே இரி" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து நீலத்தாள் பொட்டலத்தை எடுத்தார். சுவரோரம் உடைந்துபோன பழைய தையல் மிஷின் ஒன்று கிடந்தது. அதன் இழுப்பறையில் பொட்டலத்தை வைத்து, தன் கொத்துச் சாவியில் ஒன்றால் பூட்டினார். ஓடு ஒழுகும் இடத்தில் வாளி வைக்க வெளியே போய் நன்றாக நனைந்து வந்தார். பேருந்தின் ஹாரன் கேட்டது. நான் ஓடினேன்.

மறுநாள் டீச்சருக்குக் காய்ச்சல். மலேரியா என்றார்கள். பத்து நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நூல், ஊசி எடுத்துக்கொடுக்க அலமாரிச் சாவியைச் சகாயத்திடம் கொடுத்தனுப்பியிருந்தார். அவரில்லாத அந்தப் பத்து நாளும் சகாயம் அவருடைய நாற்காலியில் உட்காரவில்லை. ஆனால் வாசலில் நின்று எங்கள் கையைத் திருப்பிப் பார்த்து, "ஏ திருவாடானக்காரி, நெகத்த வெட்டு" என்று டீச்சர் குரலிலேயே சொல்லிச் சிரிக்கவைத்தாள்.

டீச்சர் திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டார். முதல் வேலையாக அலமாரியைத் திறந்தார். தட்டு தட்டாக எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். மறுபடி உள்ளே வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பொட்டலம் எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை.

"சாவி யாருக்க கையில இருந்தது?"

"எங்கிட்டதான் டீச்சர்" என்றாள் சகாயம். "பொட்டலத்த நான் பாக்கவே இல்லையே. காய்ச்சலுக்கு முன்னாடி நீங்க எடுத்து வச்சிருப்பீகன்னு நெனச்சேன்."

"நான் வச்சது இந்த அலமாரியில. பூட்டினது நான். தொறந்தது நீ." குரல் உயரவே இல்லை. "அப்போ எடுத்தவள நான் தேட வேண்டாம்."

"நான் போட்ட லேஸ நானே எதுக்கு டீச்சர் எடுக்கப்போறேன்?"

"கள்ளிக்கு என்கிட்ட பதில் கேட்க உரிமையில்ல. எழும்பிப் போ."

நான் அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இழுப்பறையைப் பற்றி எனக்கு நினைவிருந்தது. முதலில், காய்ச்சலுக்கு இடையில் அவர் வேறெங்காவது மாற்றி வைத்திருப்பார், அதுதான் காணவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, பதின்மூன்று பேர் முன்னால் எழுந்து நின்று 'வச்சது நீங்கதான்' என்று இவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கு உண்டு என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், சகாயம் போனால் பக்கத் துண்டு என் கைக்கு வரும் என்கிற எண்ணமும் கிடந்தது. அது பெரிதாக இல்லை. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

சகாயம் அழவில்லை. கட்டைகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டினாள். தூசி படாமல் திண்டின்மேல் துணியைப் போர்த்தினாள். அதுதான் கூடத்தின் விதி. சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த சில நாள் சூசையம்மா எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. பிறகு ஒரு காலை வந்தார். சட்டியை இறக்கி வைத்துவிட்டு எப்போதும்போல் குரல் கொடுக்காமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா தட்டோடு வெளியே வந்தார்.

"என்ன சூசையம்மா, மேலுக்கு முடியலயா?"

"எம் மக வீட்ட விட்டு வெளிய வரமாட்டேங்குறா தாயி. கோயிலுக்கும் வரல. யாரு கூப்புட்டாலும் பேச்சில்ல. நண்டு உடைக்கிற கம்பெனில ஆளு கேக்குறாக, அதுக்கும் போறேன்னு சொல்லல, வேணாம்னும் சொல்லல. வாசலப் பாத்தே உக்காந்திருக்கா." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நாங்க கடல்ல எடுக்கிறவுக தாயி, அடுத்த வீட்டுல எடுத்துப் பழக்கமில்ல."

அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, நீ அங்கனதானே இருக்க? ஒனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாதும்மா" என்றேன்.

கேட்டு முடிப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. அது எனக்கே கேட்டது. முன்பு நான் பேசாமல்தான் இருந்தேன். இப்போது பொய் சொல்லிவிட்டேன். சூசையம்மா மீனை எடுத்துப் போட்டார். போட்டுவிட்டு இன்னும் இரண்டு சூடை மீனைத் தட்டில் வைத்து, "பாப்பா தின்னட்டும், எம் புள்ள கூடப் படிக்கிற புள்ள" என்றார்.

மறுநாள் பேருந்தைவிட்டு இறங்கியதும் நான் குழாயடிக்குப் போகவில்லை. நேராகக் கூடத்துக்குப் போனேன். இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. டீச்சர் ஒரு புது அட்டையில் ஊசியால் ஓட்டை குத்திக்கொண்டிருந்தார்.

"கை கழுகல்லியே" என்றார், நிமிராமலே.

"டீச்சர், அந்த ஒடஞ்ச மிஷின் டிராயரத் திறந்து பாருங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஊசியை வைத்தார். எழுந்து போய்க் கொத்துச் சாவியில் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்தார். இழுப்பறை திறந்தது. நீலத்தாள் ஓரத்தில் கொஞ்சம் ஈரம்பட்டுச் சுருங்கியிருந்தது. உள்ளே லேஸ் அப்படியே இருந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தையல் மிஷினின் இரும்புக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"ஒனக்கு எப்போ தெரியும்?"

"நீங்க வச்ச அன்னைக்கே டீச்சர். மழை அன்னைக்கு. நான் இங்கனதான் உக்காந்திருந்தேன்."

"பின்ன ஏன் சொல்லல்லே?"

"பயமா இருந்துச்சு."

"யாரப் பாத்து? என்னைப் பாத்தா?"

"ஆமா டீச்சர்."

திட்டுவார், அடிப்பார், வெளியே போகச் சொல்வார் என்று நான் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எல்லோரும் வந்து சேர்ந்ததும் அவர் எழுந்தார்.

"யாரும் இருக்கண்டாம். எல்லாரும் என்கூட வாங்க."

பதின்மூன்று பெண்கள் அவருக்குப் பின்னால் கடற்கரையைப் பார்த்து நடந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு மணலில் நடக்கத் தெரியவில்லை. செருப்பு புதைந்து புதைந்து கழன்றது. பாதி தூரத்தில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மற்றொரு கையில் நீலத்தாள். வள்ளங்கள் வந்து சேர்ந்து ஏலம் நடக்கிற நேரம். கரையெல்லாம் ஆட்கள். வெள்ளைப் புடவையோடு லேஸ் டீச்சர் வருவதைப் பார்த்து ஏலம் கூறுகிறவரே நிறுத்திவிட்டார். கூட்டத்திலிருந்து சூசையம்மா ஓடி வந்தார்.

சகாயம் வீடு கரையை ஒட்டியே இருந்தது. வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். டீச்சர் அவளுக்கு நேர் எதிரே போய் நின்றார். மூச்சு வாங்கியது.

"சகாயம், லேஸ் கிடைச்சு. நான் பூட்டின டிராயருலதான் இருந்தது. வச்சது நான். மறந்தது நான். ஒன்னக் கள்ளின்னு சொன்னதும் நான்." கரையில் நின்றவர்களுக்கும் கேட்கவேண்டும் என்றே பேசினார். "எல்லாருக்க முன்னாலயும் சொன்னேன். இப்போ எல்லாருக்க முன்னாலயும் கேக்கேன். என்னை மன்னிச்சிரு."

என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் காத்திருந்தேன்.

சகாயம் கையிலிருந்த பாசியைக் கீழே போட்டாள். "சரி டீச்சர்" என்றாள்.

"நாளைக்கு வா. ஒனக்க திண்டு போர்த்தின மாதிரியே இருக்கு."

"வரல டீச்சர்."

"கோவமா?"

"கோவம் இல்ல. இனிமே அங்கன ஒரு ஊசி காணாமப் போனாலும் எல்லாரும் எம் மூஞ்சியத்தான் பாப்பாக. நான் நண்டுக் கம்பெனிக்கு வாரேன்னு நேத்து சாயங்காலம் சொல்லி விட்டுட்டேன்."

"ஏ, டீச்சரே தேடி வந்துட்டாகள்ல, போடி" என்று சூசையம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். சகாயம் தலையை ஆட்டினாள். டீச்சர் வற்புறுத்தவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, அவள் போட்ட லேஸை அவள் கையில் ஒருமுறை கொடுத்தார். அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாங்கள் வந்த வழியே திரும்பினோம். பின்னால் ஏலம் மறுபடி தொடங்கியது.

கூடத்துக்கு வந்ததும் டீச்சர் சகாயத்தின் திண்டைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். பக்கத் துண்டு பாதி வளர்ந்திருந்தது.

"மிச்சத்த நீ போடு."

இதற்குத்தானே ஆசைப்பட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அப்படி ஒன்று எனக்குள் இருந்தது அவருக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். அவள் குத்திய ஊசிகள் வரிசையாக நின்றன. கடைசி ஊசியைச் சுற்றி நூல் அவள் விட்டபடியே இறுகியிருந்தது. அங்கிருந்து நான் தொடங்க வேண்டும். இரண்டு மாதம் போட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் வேறெதையும் செய்ததில்லை. ஓர் ஓட்டை தவறவில்லை. ஆனாலும் அது நன்றாகத் தெரிந்தது: அவள் முடித்த இடம்வரை கொடி விறைப்பாக ஓடி வந்தது; என் கைக்கு வந்ததும் ஒரு நூல் அளவு தளர்ந்தது. இறுக்கிப் பார்த்தேன், சுருங்கியது. விட்டுப் பார்த்தேன், இன்னும் தளர்ந்தது. ஒருத்தி கை இன்னொருத்திக்கு வராது.

முடித்த அன்று டீச்சர் அதை மேசையில் விரித்துத் தடவிக்கொண்டே வந்தார். கண்ணை ஜன்னல் பக்கம் வைத்திருந்தார். சரியாக அந்த இடத்தில் விரல் நின்றது. இடுப்புக் கயிற்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்திரியைத் தொடவில்லை.

"அறுக்கலையா டீச்சர்?" என்று நானே கேட்டேன்.

"எதுக்கு? பிசகு ஒண்ணும் இல்ல. ஆள் மாறினது தெரியுது, அவ்வளவுதான்." தாளை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். "தெரியட்டும்."

திருவிழாவில் அந்தத் துணி பீடத்தின்மேல் விரிந்தது. வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அதன்பிறகு டீச்சர் அலமாரிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வாரத்துக்கு ஒருத்தி என்று எங்களிடமே கொடுத்தார். மற்றபடி மாறவில்லை. கத்திரி அதே வேகத்தில் விழுந்தது. நான் கணக்கில் தேறி, மேலே படிக்கப் போனேன். அவர் இரண்டு மூன்று வருடத்தில் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்றும், பிறகு ஒருநாள் இறந்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். செய்தி வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

இப்போது எனக்கு ராமநாதபுரத்தில் தபால் அலுவலகத்தில் வேலை. அந்தக் கூடம் இல்லை. இருந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள் நிற்கின்றன. கட்டைகளை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை. பீடத்தில் இப்போது கிடப்பது கடையில் வாங்கிய நைலான் லேஸ் வைத்த துணி. பழையது மஞ்சளித்துக் கிழிந்துவிட்டது என்று கோயிலில் ஒருவர் சொன்னார். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. துணி கிழியத்தான் செய்யும். அன்று அந்தக் கூடத்தில் இருந்த பெண்களில் யாரும் தங்கள் மகள்களுக்கு லேஸ் போடக் கற்றுக்கொடுத்ததாக எனக்குத் தெரியாது, நானும் கற்றுக்கொடுக்கவில்லை. என் மகளுக்கு அப்படி ஒரு வேலை இருந்தது என்பதே கதைபோலத்தான்.

போன வருடம் அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து காரங்காட்டுக்குப் போனோம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். திரும்பி வந்ததும் சாப்பாடு. கரையில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சமைத்துப் பரிமாறுகிறார்கள். எனக்கு நண்டு வைத்த கையைப் பார்த்தேன். கறுத்து, கனத்த விரல்கள். நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.

"ஏ திருவாடானக்காரி" என்றாள்.

சகாயம் பாதி நரைத்திருந்தாள். நண்டுக் கம்பெனியில் பல வருடம் இருந்தாளாம். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தாளாம். பேரன் எடுத்துவிட்டாள். சூசையம்மா போய் ஆறு வருடமாகிறது. நின்றபடியே பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பேச்சுக்காரி மாறவில்லை. நான் அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இத்தனை வருடமாக இருந்தது. அந்த இடம் அதற்குத் தோதான இடம் இல்லை. ஆனால் வேறு இடம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"சகாயம், டீச்சர் அந்தப் பொட்டலத்த மிஷின் டிராயர்ல வச்சத நான் பாத்தேன். அன்னைக்கே தெரியும். சொல்லல."

"எனக்குந் தெரியும்" என்றாள்.

"டீச்சர் சொன்னாங்களா?"

"அந்தப் பொம்பள சொல்லுமா? நான் கூடத்துல நிக்கையில அத்தன பேரும் என்னையப் பாத்தாளுக. நீ ஒருத்திதான் குனிஞ்சே இருந்த. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், இவளுக்கு என்னமோ தெரியும்னு."

"அப்ப ஏன் நீ கேக்கல?"

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். முகத்தில் கோபமில்லை, எப்போதோ பெய்த மழையைப் பற்றிப் பேசுவதுபோல்தான் சொன்னாள். "நீயா வந்து சொல்லிருவன்னு நெனச்சேன் புள்ள. அதுக்குத்தான் அத்தன நாளு கம்பெனிக்குப் போகாம வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பெறகு போதும்னு, கம்பெனிக்கு வாரேன்னு ஆளு விட்டேன். மறுநாளு நீங்க வாரீக."

பக்கத்து மேசையிலிருந்து யாரோ குழம்பு கேட்டார்கள். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

"சாப்புடு, ஆறிரப்போகுது" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனாள்.